கண்ணுக்குள் ஒரு கரை

வடகிழக்குப் பருவமழை நான்கு நாள் விடாமல் பெய்தால் போதும். பூந்தமல்லி, மாங்காடு, குன்றத்தூர், அனகாபுத்தூர் பக்கத்து வீடுகளில் ஒரே கேள்விதான். ‘செம்பரம்பாக்கம் எத்தனை அடி?’

அந்த ஏரியின் முழு உயரம் 24 அடி என்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரியும். 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு என்பதைக் கணக்கில் ஆர்வமுள்ள தாத்தாக்கள் சொல்வார்கள். 2015 டிசம்பர் 1-ம் தேதி விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்ட அந்த இரவை அடையாற்றங்கரை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஏரியின் நீர்மட்டம் என்பது வெறும் எண் இல்லை. மூட்டை கட்டலாமா, தூங்கலாமா என்று முடிவு செய்கிற எண்.

இதேபோல் ஓர் எண் நம் ஒவ்வொருவர் கண்ணுக்குள்ளும் இருக்கிறது. அதை எந்த டிவியும் வாசிப்பதில்லை. பெரும்பாலோருக்கு அப்படி ஓர் எண் இருப்பதே தெரியாது. ஆனால் அந்த எண் ஏறினால், பார்வை சத்தமில்லாமல் வடிந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்க, கண்ணின் புகைப்படத்தில் ஒரு கரையைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டர் எப்படிப் போடக் கற்றுக்கொண்டது என்பதுதான் இந்த வாரக் கதை.

64 பேரில் ஒருவர்

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். பெயர் கிளாகோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்பார்கள். கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள் இருக்கின்றன. கிளாகோமாவில் அந்த இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். பெரும்பாலானவர்களுக்கு வலி இருக்காது, கண் சிவக்காது. முதலில் பக்கவாட்டுப் பார்வைதான் தேயும். நேர்ப்பார்வை நன்றாக இருப்பதால் பேப்பர் படிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். ‘எனக்குக் கண் நல்லாத்தானே தெரியுது’ என்று சொல்லிக்கொண்டே பார்வையை இழப்பவர்கள் இவர்கள்.

சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த மருத்துவர்கள் ‘சென்னை கிளாகோமா ஆய்வு’ என்ற பெரிய கணக்கெடுப்பை நடத்தினார்கள். அதன் கிராமப்புறப் பகுதிக்காக அவர்கள் போனது தொலைதூரத்துக்கு இல்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களுக்கு. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள 3,924 பேரைப் பரிசோதித்தார்கள். 2005-ல் வெளியான முடிவின்படி, கிளாகோமாவின் முக்கிய வகை ஒன்று 64 பேருக்கு இருந்தது. அந்த 64 பேரில், தனக்கு அந்த நோய் இருப்பதாக ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தவர் ஒரே ஒருவர். இருவருக்கு அதற்குள் இரண்டு கண்களும் போயிருந்தன.

கிளாகோமாவில் போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை மூலம் காப்பாற்றலாம். அதனால் எல்லாமே, எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

தட்டும் குழியும்

கண்ணின் பின்சுவரைப் புகைப்படம் எடுத்தால் ஆரஞ்சு நிறப் பரப்பில் வெளிர் மஞ்சளாக ஒரு வட்டம் தெரியும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வாசல் அது. டாக்டர்கள் அதை டிஸ்க், அதாவது தட்டு என்பார்கள். அந்தத் தட்டின் நடுவே இன்னும் வெளுப்பாக ஒரு சின்னக் குழி இருக்கும். அது கப்.

நரம்பு இழைகள் சாகச் சாக அந்தக் குழி அகலமாகும். குழியின் உயரத்தைத் தட்டின் உயரத்தால் வகுத்தால் வரும் விகிதம்தான் நாம் சொன்ன எண். பலருக்கு அது 0.3-ஐ ஒட்டி இருக்கும். 0.6-ஐத் தாண்டினாலோ, இரண்டு கண்களுக்கும் இடையே 0.2-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ டாக்டர் நிமிர்ந்து உட்காருவார்.

பள்ளிக்கூட வகுத்தல்தான். ஆனால் வகுப்பதற்கு முன்பு, தட்டு எங்கே முடிகிறது, குழி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டாக வேண்டுமே! ஒரு முகாமில் நூற்றுக்கணக்கான கண்களைப் படம் எடுத்தால், அத்தனைக்கும் உட்கார்ந்து கோடு போட அனுபவமுள்ள டாக்டர்கள் எங்கே கிடைப்பார்கள்?

கம்ப்யூட்டரிடம் கொடுக்கலாம் என்றால், அதற்குத் தட்டும் தெரியாது, குழியும் தெரியாது. அதைப் பொறுத்தவரை படம் என்பது கட்டம் கட்டமாக அடுக்கிய எண்கள். இந்தக் கட்டம் இவ்வளவு வெளிச்சம், பக்கத்துக் கட்டம் அவ்வளவு வெளிச்சம். அவ்வளவுதான்.

ஏரியைச் சுற்றி ஒரு ரப்பர் கயிறு

இப்போது செம்பரம்பாக்கத்துக்குத் திரும்புவோம். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் நெடுஞ்சாலைக்கு இடதுபுறம் இருக்கும் இந்த ஏரியை வானத்திலிருந்து படம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ‘தண்ணீரின் எல்லையைக் கோடு போட்டுக் காட்டு’ என்று கம்ப்யூட்டரிடம் கேட்கிறோம்.

உயரமாகக் கரை போட்ட பக்கம் சிக்கல் இல்லை. இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் மண். கத்தியால் வெட்டியதுபோல் எல்லை தெரியும். எதிர்ப்பக்கம்தான் தலைவலி. ஆழம் குறைந்துகொண்டே போகும்; கொஞ்சம் சேறு, கொஞ்சம் நாணல், ஈரமான புல்வெளி. தண்ணீர் எங்கே முடிந்தது என்று அங்கே நிற்கிற மனிதராலேயே சொல்ல முடியாது.

வெளிச்சம் மாறும் இடத்தை மட்டும் எறும்புபோல் பின்தொடர்ந்து போ என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னால், கரைப் பக்கம் ஒழுங்காக ஓடும். நாணல் பக்கம் வந்ததும் தடம் தவறி ஏதோ ஒரு வரப்பைப் பிடித்துக்கொண்டு வயலுக்குள் போய்விடும்.

1987-ல் மைக்கேல் காஸ், ஆண்ட்ரூ விட்கின், டெமெட்ரி டெர்சோபோலஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். எறும்பை விடாதே, ஏரியைச் சுற்றி ஒரு ரப்பர் கயிற்றைப் போடு. அந்தக் கயிற்றுக்கு மூன்று ஆசைகள் உண்டு. முதல் ஆசை, சுருங்க வேண்டும். இரண்டாவது, எங்கேயும் முறுக்கி மடங்காமல் வழவழவென்று வளைய வேண்டும். மூன்றாவது, படத்தில் வெளிச்சம் சட்டென்று மாறும் இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். கயிறு கொஞ்சம் நகரும், கணக்குப் பார்க்கும், மறுபடி நகரும். இதைவிட நல்ல இடம் பக்கத்தில் எதுவும் இல்லை என்ற நிலை வந்ததும் நின்றுவிடும். கரைப் பக்கம் கயிறு கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும். நாணல் பக்கம் பிடிமானம் இல்லாவிட்டாலும் வயலுக்குள் ஓடாது. இருபுறமும் ஒட்டியிருக்கும் பகுதிகள் அதை இழுத்துப் பிடித்திருப்பதால், நடுவே உள்ள இடைவெளியை இயல்பான ஒரு வளைவால் இணைத்துவிடும்.

கயிறு ஊர்ந்து ஊர்ந்து இடம் பிடிப்பதால் அந்த மூவரும் அதற்கு வைத்த பெயர் ‘ஸ்னேக்’, பாம்பு. இந்த வகை முறைகளுக்கெல்லாம் பொதுவான பெயர் ‘டிஃபார்மபிள் மாடல்’. வளைந்து கொடுக்கும் உருவம் என்று வைத்துக்கொள்ளலாம். சுவாரஸ்யமான துணைச் செய்தி: கம்ப்யூட்டரில் துணி நிஜம்போல் மடிந்து பறக்க வைத்ததற்காக, மூவருமே பின்னாளில் ஆஸ்கர் அகாடமியின் அறிவியல்-தொழில்நுட்ப விருதுகளைப் பெற்றார்கள். கயிறும் துணியும் ஏறக்குறைய ஒரே கணக்குதானே!

கயிறு சிக்கிக்கொண்டால்?

மருத்துவ உலகம் இந்தக் கயிற்றை ஆவலோடு எடுத்துக்கொண்டது. காரணம், உடம்புக்குள் இருக்கும் உறுப்புகளும் செம்பரம்பாக்கம் மாதிரிதான். ஒரு பக்கம் தெளிவான கரை, மறுபக்கம் நாணல். சி.டி ஸ்கேனில் கல்லீரல் நுரையீரலைத் தொடும் இடம் பளிச்சென்று தெரியும். வயிற்றுத் தசையைத் தொடும் இடம் மங்கிவிடும். இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் வெளியேற்றுகிறது என்று கணக்கிட, அதன் இடது கீழறையின் உள்சுவரைப் பல படங்களில் கோடு போட வேண்டும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் முன், கட்டியையும் பக்கத்திலுள்ள நல்ல உறுப்புகளையும் ஸ்கேனின் அடுக்கு அடுக்காகக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். அங்கே கோடு தவறினால் கதிர் வேறு இடத்தில் விழும்.

பயன்படுத்தப் பயன்படுத்தக் கயிற்றின் பலவீனங்களும் தெரிந்தன. ஏரியைவிட்டு வெகுதூரத்தில் கயிற்றைப் போட்டால், வழியில் உள்ள ரோட்டிலோ வாய்க்காலிலோ சிக்கி, ‘இதுதான் கரை’ என்று நின்றுவிடும். குறுகலான ஓடைக்குள் நுழையாமல் வாயிலிலேயே தாண்டிவிடும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வந்தது. 1991-ல் லாரன்ட் கோஹன், கயிற்றை வெளியே போடாமல் உள்ளே ஒரு பலூனாக வைத்து ஊதலாம் என்றார். சின்னச் சின்னத் தடைகளைத் தள்ளிக்கொண்டு அது கரைவரை விரியும்.

இன்னொரு சிக்கல் செம்பரம்பாக்கத்தைப் பார்த்தால் எளிதில் புரியும். கோடையில் ஏரி வற்றும்போது தண்ணீர் தனித்தனிக் குட்டைகளாகப் பிரியும். மழை வந்தால் மறுபடி ஒன்று சேரும். ஒரே கயிறு எப்படி இரண்டாகப் பிரிந்து, பிறகு ஒன்று சேரும்? 1988-ல் ஸ்டான்லி ஆஷரும் ஜேம்ஸ் செத்தியனும் வேறொரு தேவைக்காக உருவாக்கிய ‘லெவல் செட்’ கணக்கு இதற்குக் கை கொடுத்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அலையாதே, நிலத்தின் மேடு பள்ளத்தை வைத்துக்கொள். நீர்மட்டம் ஏறினால் குட்டைகள் தாமாகச் சேரும். இறங்கினால் தாமாகப் பிரியும். கரைக்கோடு அந்தந்த நேரத்தில் தானே கிடைக்கும்.

2001-ல் டோனி சானும் லுமினிதா வெசேயும், ‘கரையே தெரியாவிட்டால்தான் என்ன?’ என்று கேட்டார்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் சராசரியாக ஒரு நிறம், வெளியே இருப்பதெல்லாம் சராசரியாக வேறொரு நிறம் என்று பிரியும்வரை கோட்டை நகர்த்து. தெளிவான கரை இல்லாத இடத்திலும் அது ஓரளவு எல்லையைக் கண்டுபிடித்தது.

மதுரைக் கண்கள்

இந்தக் கணக்குகளெல்லாம் மதுரை வழியாகத் தமிழர்களின் கண்ணுக்கு வந்தன.

ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி-யைச் சேர்ந்த கோபால் தத் ஜோஷி, ஜெயந்தி சிவசாமி ஆகியோரும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ஆர்.கிருஷ்ணதாஸும் சேர்ந்து செய்த ஆய்வு 2011-ல் வெளியானது. கேள்வி இதுதான்: விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், கண்ணின் ஒரு சாதாரண வண்ணப் புகைப்படத்தை மட்டும் வைத்துத் தட்டையும் குழியையும் கம்ப்யூட்டரால் பிரிக்க முடியுமா?

தட்டுக்கு அவர்கள் பயன்படுத்தியது நாம் மேலே பார்த்த சான்-வெசே வகைக் கோட்டின் மேம்பட்ட வடிவம். ஏன் மேம்படுத்த வேண்டியிருந்தது? தட்டின் விளிம்பைத் தாண்டிக் குறுக்கும் நெடுக்குமாக ரத்தக் குழாய்கள் ஓடும். சிலருக்குத் தட்டைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று இருக்கும்; அதையும் தட்டு என்று கோடு நம்பிவிடும். அதனால் மொத்தச் சராசரியை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கத்தின் நிறத்தையும் அமைப்பையும் சேர்த்துப் பார்க்கும்படி செய்தார்கள்.

குழி இன்னும் கடினம். குழி என்பது ஆழம். புகைப்படமோ தட்டையானது. இங்கே டாக்டர்களின் அனுபவம் கை கொடுத்தது. சமதளத்தில் நேராகப் போகும் ரோடு, பள்ளத்தில் இறங்கும் இடத்தில் வளைந்து தெரியும் அல்லவா? அதுபோல் தட்டின் மேல் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள், குழிக்குள் இறங்கும் விளிம்பில் வளையும். கண் டாக்டர்கள் அந்த வளைவுகளைப் பார்த்துத்தான் குழியின் எல்லையை யூகிப்பார்கள். அதே வளைவுகளைத் தேடிப் பிடித்து, அவற்றை இணைத்துக் கோடு போடக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

138 படங்களில் சோதித்தார்கள். 33 நலமான கண்கள், 105 கிளாகோமா கண்கள். மூன்று நிபுணர்கள் போட்ட கோடுகளோடு ஒப்பிட்டபோது, நாம் சொன்ன அந்த விகிதத்தில் கம்ப்யூட்டரின் பிழை சராசரியாக 0.09.

இதற்கு என்ன அர்த்தம்? விகிதம் 0.3 உள்ள கண்ணையும் 0.8 உள்ள கண்ணையும் கம்ப்யூட்டர் குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு. ஆனால் 0.55 உள்ள கண்ணை 0.64 என்று சொல்லலாம், 0.64-ஐ 0.55 என்றும் சொல்லலாம். பயப்பட வேண்டியவரும் பயப்பட வேண்டாதவரும் இடம் மாறிவிடும் எல்லை அது. ‘இவரை டாக்டர் பார்க்கட்டும்’ என்று கைகாட்ட இந்தக் கோடு உதவும். ‘இவருக்கு ஒன்றுமில்லை’ என்று கதவைச் சாத்த இது போதாது.

நான்கு பேர், நான்கு கோடு

அப்படியானால் மனிதர் போடும் கோடு மட்டும் சத்தியமா?

அதே ஐ.ஐ.ஐ.டி குழு, அரவிந்த் மருத்துவமனைக்கு வந்தவர்களின் சம்மதத்தோடு எடுத்த 101 கண் படங்களை ‘த்ருஷ்டி-ஜிஎஸ்’ என்ற பெயரில் உலக ஆராய்ச்சியாளர்களுக்காகத் தொகுத்தது. ஒவ்வொரு படத்திலும் நான்கு கண் நிபுணர்கள் தனித்தனியாகக் கோடு போட்டார்கள். அவர்களின் அனுபவம் 3, 5, 9, 20 ஆண்டுகள். ‘இதுதான் சரி’ என்று ஒரே கோட்டை மட்டும் அந்தத் தொகுப்பு தரவில்லை. ஒவ்வொரு புள்ளியையும் நால்வரில் எத்தனை பேர் உள்ளே சேர்த்தார்கள் என்பதையும் வரைபடமாகக் கொடுத்தது.

அது நேர்மையான செயல். நாணல் பக்கத்தில் தண்ணீர் முடியும் இடத்தைக் காட்டச் சொன்னால், நான்கு பெரியவர்கள் நான்கு இடத்தில்தான் கம்பு நடுவார்கள். அதில் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லை அப்படி இருக்கிறது. கோடு மெல்லியதாகவும் பளிச்சென்றும் இருப்பதால் மட்டும் அது உண்மை ஆகிவிடாது.

2015-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்திலிருந்து ‘யூ-நெட்’ வந்த பிறகு, இந்தத் துறை பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவின் பக்கம் சாய்ந்துவிட்டது. கயிறு வேண்டாம், பலூன் வேண்டாம். டாக்டர்கள் கோடு போட்ட படங்களைக் காட்டினால் அதுவே கற்றுக்கொள்ளும். வேகமும் துல்லியமும் கூடின. ஆனால் அதற்குக் கற்றுக்கொடுத்தது யார்? அதே நான்கு கோடுகள்தான். புள்ளி புள்ளியாக முடிவு செய்வதால், பழக்கமில்லாத படத்தைப் பார்த்தால் கல்லீரலுக்கு நடுவே ஓட்டை போடும். உறுப்பே இல்லாத இடத்தில் ஒரு தீவை வைக்கும். ‘முழுசா, வழவழன்னு, ஒரே உருவமா இரு’ என்ற பழைய கயிற்றின் ஒழுக்கம் அதற்குப் பிறவியில் இல்லை. அதனால்தான் உருவத்தின் இயல்பைப் புதிய முறைகளோடு சேர்த்துக் கட்டும் முயற்சிகள் இன்றும் நடக்கின்றன.

எந்த முறை என்றாலும் கோடு ஓர் உதவிதான். தட்டு பிறவியிலேயே பெரியதாக இருந்தால் குழியும் பெரியதாக இருக்கும். அவர் நோயாளி இல்லை. கண் அழுத்தம், பார்வைப் பரப்புச் சோதனை, நரம்பு இழைகளின் தடிமன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவுக்கு வருவார்.

உங்கள் எண் என்ன?

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன விஷயம். 40 வயதைத் தாண்டியவர்கள், குறிப்பாக அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது கிளாகோமா இருப்பவர்கள், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மருந்தை நீண்டகாலம் பயன்படுத்தியவர்கள், கண்ணாடிக்கடையில் பவர் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படிப்பவருக்கும் கிளாகோமா இருக்கலாம். கண் டாக்டரிடம் போய், கண் அழுத்தத்தையும் பின்பக்க நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்து முடித்ததும் தயங்காமல் கேளுங்கள்: ‘டாக்டர், என் கப்-டிஸ்க் ரேஷியோ எவ்வளவு? ரெண்டு கண்ணுக்கும் சொல்லுங்க.’

அதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வருடத்து எண் சொல்வதைவிட, அடுத்தடுத்த வருடங்களில் அது ஏறியதா என்பதுதான் அதிகம் சொல்லும். ஏரியிலும் அப்படித்தானே? இன்றைக்கு எத்தனை அடி என்பதோடு, நேற்றைக்கு எத்தனை அடி என்பதையும் கேட்ட பிறகுதான் வீட்டில் நிம்மதியாகப் படுக்கிறோம்.